கையோரத்து மை

ஜூன் 12, புதன்

இருபத்தெட்டு வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவன் நான். தமிழின் இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஊர்ப் பிள்ளைகளின் தலைக்குள் ஏற்றியவன். இன்று ஐம்பத்து நான்கு வயதில் இறையியல் கல்லூரியின் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, "ஆலெப்" என்று சத்தமாகச் சொன்னேன். எபிரெய மொழியின் முதல் எழுத்து. அதற்கு ஓசையே கிடையாதாம். ஓசையில்லாத எழுத்தை எதற்கு முதலில் கொண்டுவந்து வைத்தார்கள் என்று கேட்டேன். முதலில் எழுதுங்கள் பிரதர், பிறகு சண்டை போடலாம் என்றார் டாக்டர் பியூலா சுகந்தி. வகுப்பு சிரித்தது.

பிரதராம். என் பிள்ளையைவிட நாலைந்து வயது கூடுதல் இருக்கும் அந்த அம்மாளுக்கு. எங்கள் ஊரில் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவன்கூட என்னைப் பார்த்தால் தங்கையா சார் என்று எழுந்து நிற்பான்.

ஆனால் வேறு வழி இல்லை. வருகிற ஏப்ரலில் எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு எங்கள் திருமண்டலத்தில், அதாவது எங்கள் பிஷப்பின் எல்லைக்குள், குருப்பட்டம் கிடையாது. சபையில் இத்தனை வருடம் சம்பளமில்லாமல் ஊழியம் செய்தவர்களுக்கென்று இந்த ஒரு வருடப் படிப்பை வைத்திருக்கிறார்கள். இதை முடித்தால் ஐயர். எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஜூலைக்குள் எபிரெய எழுத்துத் தேர்வில் ஐம்பதுக்கு இருபத்தைந்து வாங்க வேண்டும். இரண்டு தரம் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த அம்மாள் கரும்பலகையில் இடது கையால் எழுதுகிறார். என்னிடம் படித்திருந்தால் நாலு மாதத்தில் திருத்தியிருப்பேன்.

ஜூன் 13, வியாழன்

ஆலெப், பேத், கிமெல், தாலெத், ஹே. எல்லாம் வலமிருந்து இடம். கழுத்து வலிக்கிறது.

ஜூன் 17, திங்கள்

உயிரெழுத்தே கிடையாதாம். இருபத்திரண்டும் மெய். உயிரை வாசிப்பவன்தான் ஊத வேண்டுமாம். பிற்காலத்தில் எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்துக் கொஞ்சம் சரிக்கட்டியிருக்கிறார்கள். இப்படி ஒரு மொழியில் ஆண்டவர் பத்துக் கட்டளையைக் கொடுத்தார், ஜனங்களும் படித்துப் புரிந்துகொண்டார்கள் என்றால் அதுவே பெரிய அற்புதம்.

குறுக்குக் கோடு தடியாகவும் நெடுக்குக் கோடு மெலிசாகவும் விழ வேண்டும். அதற்குப் பட்டை நிப்பு மைப் பேனாதான் சரி, பால்பாயிண்ட் கூடாது என்பது டாக்டர் பியூலாவின் சட்டம். இது ஒன்றில் மட்டும் அவரோடு எனக்குச் சண்டை இல்லை. பால்பாயிண்டால் கையெழுத்து கெடும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே பிள்ளைகள் கையில் மைப் பேனாவைக் கொடுத்தவன் நான்.

ஆனால் பக்கம் நாறுகிறது. எழுதி முடித்த எழுத்தின் மேலேயே என் கை ஊர்ந்து போகிறது. வரி முழுவதும் இழுபட்டுக் கிடக்கிறது. என் அறையில் இருக்கும் ராஜமணி, பழைய பட்டாளத்துக்காரர், இந்தத் தொல்லை இல்லாமல் எழுதுகிறார். ராணுவ வண்டிகளுக்கு நம்பர் எழுதிப் பழகியவராம். அவர் கை தாளைத் தொடுவதே இல்லை, பேனா மட்டும் தொடுகிறது. "பெயிண்டு காயுறதுக்கு முன்ன கைய வச்சா சுபேதார் உதைப்பான் அண்ணாச்சி" என்றார். எனக்கு எந்த சுபேதாரும் வாய்க்கவில்லை.

ஜூன் 24, திங்கள்

பயிற்சி நோட்டு திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: அழுக்கு.

சாப்பாட்டுக் கூடத்தில் மனது ஆறாமல் பேசிக்கொண்டிருந்தேன். இடது கைக்காரிக்கு இது சௌகரியமான மொழி, கை முன்னால் போகும், எழுத்து பின்னால் வரும், ஆகவே திமிராகத்தான் இருப்பாள் என்றேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்படிப் பத்துப் பிள்ளைகளைத் திருத்தியிருக்கிறேன் என்றும் சொன்னேன். வழி சுலபம். காலை மணி அடித்ததும் இடது மணிக்கட்டைக் கைக்குட்டையால் பெஞ்சுக் காலோடு கட்டிவிடுவேன். சாப்பாட்டு மணிக்கு அவிழ்ப்பேன். சாப்பிட்டதும் மறுபடி கட்டுவேன். அடி கிடையாது, திட்டு கிடையாது. பக்கத்து ஊர்க்காரர்கள்கூடப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, திருந்தியதும் கோழி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஒரு நாள் நான் அவிழ்க்க மறந்து வீட்டுக்குப் போய்விட்ட கதையையும் சொன்னேன். ஆறு மணிக்கு ஆள் போய்ப் பார்த்தால், பையன் கட்டோடு பெஞ்சையும் இழுத்துக்கொண்டு வகுப்பு வாசல் வரைக்கும் வந்திருக்கிறான். ஆறு வயசு. நிலைப்படியில் பெஞ்சு மாட்டிக்கொண்டது. இந்தக் கதைக்கு எங்கள் ஆசிரியர் அறையில் எப்போதும் சிரிப்பார்கள். இங்கே ராஜமணி சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அந்தப் பய என்ன ஆனான்?" என்று கேட்டார். நல்ல வேலையில் இருக்கிறான் என்றேன்.

அடுத்த மேசையில் டாக்டர் பியூலா இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்க எழுந்து போனார்.

ஜூன் 27, வியாழன்

நான்கு நாளாக வகுப்பில் என்னை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நான் வாசித்தால் 'ம்' என்கிறார். மற்றவர்களுக்கு 'நல்லது பிரதர்'. இது சும்மா வருகிற கோபம் இல்லை. எனக்குப் பொறி தட்டிவிட்டது. இவள் என்னிடம் படித்தவள். கட்டுப்பட்ட பத்தில் ஒருத்தி.

வீட்டுக்குப் போன் செய்து, பழைய வகுப்புப் படங்களில் பியூலா என்று யாராவது இருக்கிறாளா பார் என்று என் மனைவி எமிலியிடம் சொன்னேன்.

"பியூலான்னு யாரும் கிடையாது. ஒங்க கிட்ட கட்டுப்பட்ட பதினோரு பிள்ளையளையும் எனக்குத் தெரியும்" என்றாள்.

பத்து என்று திருத்தினேன். பதினொன்று என்றாள். எமிலிக்குக் கணக்கு எப்போதும் வராது. பேச்சை மாற்ற, மகன் ஜெபசீலன் போன் செய்தானா என்று கேட்டேன். அவளுக்குச் செய்தானாம். ஓசூரில் கம்பெனி வேலை, ஓய்வே இல்லை. மூன்று வருடமாக வீட்டுக்கு வர முடியவில்லை. நான் கூப்பிட்டால் எடுக்காததும் அதனால்தான்.

ஜூலை 3, புதன்

முதல் தேர்வு. ஐம்பதுக்கு இருபத்தொன்று.

தாலெத்துக்கும் ரேஷுக்கும் வித்தியாசம் மூலையில் ஒரு சின்ன மூக்கு. அதை இரண்டு இடத்தில் விட்டேன், ஒத்துக்கொள்கிறேன். பேத்தையும் காப்பையும் மாற்றினேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அதெல்லாம் போக எனக்கு வந்தது இருபத்தேழு. மை இழுபட்டதற்கு ஆறு மதிப்பெண் கழித்து இருபத்தொன்று ஆக்கியிருக்கிறார். இருபத்தேழு என்றால் தேர்ச்சி.

போய்க் கேட்டேன். "படிக்க முடியலைன்னா அது எழுத்து இல்லை பிரதர். கோடுதான்" என்றார். உயிரோடு உரித்துப் போடலாம் போல ஆத்திரம் வந்தது. இனி இருப்பது ஒரே ஒரு வாய்ப்பு. ஊரில் சபையார் அங்கிக்குத் துணிகூட எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஜூலை 5, வெள்ளி

கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். சுண்டு விரலிலிருந்து மணிக்கட்டு வரை, உள்ளங்கையின் ஓரம் முழுக்க நீலம். சோப்புக்கும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தில் காலை ஜெபம் முடிந்ததும் கையை நீட்டச் சொல்வேன். நகம் பார்க்கிறேன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளும். நான் பார்ப்பது இடது கையின் ஓரத்தை. அங்கே மை இருந்தால், பிள்ளை வீட்டில் திருட்டுத்தனமாக இடது கையால் எழுதுகிறது என்று அர்த்தம். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்தது. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ராஜமணி குளியலறை வாசலில் நின்று, இன்னும் எவ்வளவு நேரம் அண்ணாச்சி என்றார். கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 8, திங்கள்

கல்லூரி முதல்வருக்கு நான்கு பக்கத்தில் புகார் எழுதிக் கொடுத்தேன். தமிழில், என் சொந்தக் கையெழுத்தில், ஒரு துளி மை சிந்தாமல். இந்தப் பெண் என் பழைய மாணவி, சிறு வயதில் நன்மைக்காக நான் செய்த கண்டிப்பை மனதில் வைத்துப் பழி வாங்குகிறாள், விசாரித்து நீதி செய்ய வேண்டும் என்று எழுதினேன். விசாரணைக்கு வசதியாக இருக்கட்டும் என்று யார் யாரை, எந்த வருடம், எத்தனை மாதம் கட்டினேன் என்று பட்டியல் போட்டேன். எதையும் மறைக்கவில்லை. நியாயம் என் பக்கம் இருக்கும்போது மறைப்பானேன்?

ராஜமணியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பக்கெட்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். பட்டாளத்தில் வாயை மூடியே பழக்கம்.

ஜூலை 11, வியாழன்

முதல்வர் அருள்திரு ஞானதுரை கூப்பிட்டனுப்பினார். டீ வரவழைத்தார். டாக்டர் பியூலா குன்னூரில் பிறந்து, குன்னூரில் படித்து, இந்தக் கல்லூரிக்கு வரும் வரை எங்கள் மாவட்டத்தையே பார்க்காதவர் என்றார். நான்கு வருடமாக எல்லோருக்கும் மை இழுபட்டால் மதிப்பெண் கழிக்கிறாராம். போன வருடம் ஒரு பிஷப்பின் தம்பிக்கு எட்டுக் கழித்தாராம்.

அப்படியானால் அன்று சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனது ஏன் என்று கேட்டேன். அந்தக் கதையைக் கேட்டால் யாருக்கும் சோறு இறங்காது என்றார்.

பிறகு என் நான்கு பக்கத்தையும் மேசையில் பரப்பினார்.

"இந்தப் பிள்ளைகள்ல யாராவது உங்க மேல எங்கயாவது புகார் சொல்லியிருக்காங்களா?"

இல்லை என்றேன்.

"யாருமே சொல்லலை. நீங்களா பேரு, வருஷம், மாசம் எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கீங்க. இது யாரு, யாரு மேல கொடுத்த புகார், தங்கையா?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் பட்டியலின் கடைசி வரியில் விரலை வைத்தார். "பத்துப் பேருன்னு மேல எழுதியிருக்கீங்க. இங்க பதினோரு பேரு இருக்கு. கடைசிப் பேருக்கு இனிஷியல் உங்க பேரோட முதலெழுத்து."

எழுதும்போது கை தானாக எழுதியிருக்கிறது. த. ஜெபசீலன். நான்கு மாதம். என் மகன் என்றேன். அவர் தாள்களை மடித்து என்னிடமே கொடுத்தார்.

ஜூலை 12, வெள்ளி

வகுப்புக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூலை 15, திங்கள்

டாக்டர் பியூலாவின் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. மறுதேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது, அதற்காகப் போனேன்.

அவர் தமிழில் ஏதோ கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். தாள் நேராக இல்லை. ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்து கிடந்தது. இடது மணிக்கட்டு வரிக்குக் கீழே தாழ்ந்திருந்தது. எழுத்தில் ஓர் இழுப்பும் இல்லை. மை படாமல் எப்படி எழுதுகிறீர்கள் என்று கேட்டேன்.

தாளைத் திருப்பி, எனக்கு ஏற்ற மாதிரி எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்தார். என் கையை வரிக்குக் கீழே இறக்கச் சொன்னார். தமிழ் எழுதும்போது தனக்கு வருகிற தொல்லைதான் எபிரெயத்தில் எனக்கு வருகிறது, வேறொன்றும் இல்லை என்றார்.

யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் இல்லை. இடது கைப் பிள்ளைங்க நோட்டைச் சாய்ச்சுச் சாய்ச்சு, தானா கண்டுபிடிச்சிடும். எனக்கு ஆறு மாசம் ஆச்சு. கையை யாரும் கட்டிப் போடலை. அதனால கண்டுபிடிச்சேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.

நோட்டைச் சாய்த்து வைக்கும் பிள்ளைகளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒவ்வொரு பெஞ்சாகப் போய் ஸ்கேலால் நோட்டை நேராக்கிக்கொண்டே வருவேன். ஒழுங்கு என்று நினைத்தேன். இதை அந்த அம்மாளிடம் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

நூன், சாமெக், அயின், பே, சாதே. இருபத்திரண்டில் ஐந்து எழுத்துக்குச் சொல்லின் கடைசியில் வந்தால் வேறு உருவம். எழுத்துக்குக்கூட இடத்துக்கு ஒரு முகம். நாற்பது பக்கம் எழுதினேன். கையோரத்து நீலம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

ஜூலை 24, புதன்

மறுதேர்வு. நாற்பத்து மூன்று.

தாளைக் கையில் கொடுக்கும்போது டாக்டர் பியூலா, "சுத்தமா இருக்கு" என்றார். 'பிரதர்' என்ற சொல்லைக் காணோம். ராஜமணி கடலைமிட்டாய் வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எமிலி போனில் அழுதாள். ஐயர் ஆகிவிட்ட மாதிரியே பேசினாள். எனக்குத்தான் வாயில் மிட்டாய் இனிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. குருப்பட்டம் பெறுகிறவரின் மனைவியும் பதினெட்டு வயது தாண்டிய பிள்ளைகளும், இவர் போதகராவதில் எங்களுக்குத் தடை இல்லை என்று அதற்கான படிவத்தில், பாரம் என்பார்கள், சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். திருமண்டலத்தின் பழைய வழக்கம். வீட்டில் ஒழுங்காக இல்லாதவன் சபையை எப்படி நடத்துவான் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு கையெழுத்து குறைந்தாலும் விண்ணப்பம் செல்லாது. அதுவும் மைப் பேனாவால்தான் எழுத வேண்டும்.

எமிலியையே ஜெபசீலனிடம் வாங்கி அனுப்பச் சொன்னேன்.

"நான் கேக்க மாட்டேன். ஆறு மணிக்குப் போயி அந்தப் பிள்ளைய அவுத்து விட்டவ நான். இதையும் நானே செய்யணுமா? ஒங்களுக்கு வேணும்னா நீங்க கேளுங்க" என்றாள்.

இருபத்து மூன்று வருடத்தில் அவள் இதைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. அன்று அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால் உட்கார்ந்து அவன் மணிக்கட்டுக்கு எண்ணெய் போட்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மறுநாளும் கட்டினேன். வாத்தியார் மகனே இடது கையால் எழுதினால் ஊர் என்ன சொல்லும் என்று அதற்குப் பிறகு வீட்டிலும் கட்டினேன். நான்கு மாதத்தில் திருந்திவிட்டான். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

பாரத்தோடு வைக்க ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்தேன். ஒன்றில் புத்தி சொல்லியிருந்தேன். ஒன்றில் என் வயதையும் ஏப்ரலையும் எழுதியிருந்தேன். மூன்றாவதை மறுபடி படிக்கவே முடியவில்லை. கடைசியில் இவ்வளவுதான் எழுதி அனுப்பினேன்:

"சீலன், குறித்த இடத்தில் எழுதி அனுப்பு. உனக்கு இஷ்டம் இருந்தால் மட்டும். பெஞ்சு கனமாக இருந்திருக்கும் என்று இப்போது தெரிகிறது. அப்பா."

ஆகஸ்ட் 13, செவ்வாய்

தபால் இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

தபால் இல்லை. உண்டா இல்லையா என்று தினமும் கேட்டு வாட்ச்மேனுக்கே என்மேல் எரிச்சல் வந்துவிட்டது. இன்று அவரிடம் சண்டை போட்டேன். பாரம் கொடுக்கக் கடைசி நாள் ஆகஸ்ட் முப்பது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலை பதினொரு மணிக்கு வந்தது. உறையில் கடிதம் எதுவும் இல்லை. பாரம் மட்டும்.

அவனுக்கென்று விட்டிருந்த கட்டத்தில் இரண்டு வரி எழுதியிருந்தான். 'எனக்குத் தடை இல்லை. விழாவுக்கு நான் வர மாட்டேன்.' கீழே கையெழுத்து. ஈரம் காய்வதற்குள் கை மேலே ஊர்ந்து, இரண்டு வரியும் இடமிருந்து வலமாக இழுபட்டிருந்தன. வலது கைக்காரன் தமிழ் எழுதினால் அப்படி இழுபடாது. இந்த இழுப்பை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் இடது கைப் பிள்ளைகளின் ஒவ்வொரு நோட்டிலும் அழுக்கு என்று எழுதிக் கொடுத்தவன் நான்தானே.

அவன் திருந்தவே இல்லை. எனக்கு முன்னால் மட்டும் வலது கையால் எழுதியிருக்கிறான். நான்கு மாதம் கட்டி அவனுக்கு நான் கற்றுக்கொடுத்தது என்னிடம் மறைக்கத்தான். அலுவலகப் படியிலேயே உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தார்கள் என்று தெரியாது.

பாரத்தை வாங்கிய குமாஸ்தா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மை இழுபட்டிருக்கே சார். மேல இதை ஏத்துக்க மாட்டாங்க. புதுசா ஒரு பாரம் தர்றேன், திங்கக்கிழமை வரைக்கும் நான் சமாளிக்கேன். சுத்தமா எழுதி வாங்கிட்டு வந்துருங்க."

வேண்டாம், இதையே அனுப்புங்கள் என்றேன். திருப்பி அனுப்பினால் என் பட்டமே தள்ளிப்போகும், வயதும் கடந்துவிடும் என்று நினைவூட்டினார். தெரியும் என்றேன்.

"அவன் எழுதினா அப்படித்தான் இருக்கும். அது அழுக்கு இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். மேலே ஏற்றுக்கொள்வார்களா என்று தெரியவில்லை. இன்று எபிரெய வகுப்பு மூன்று மணிக்கு இருந்தது, போனேன்.